டபுள் ஓகே

கள்ளக்குறிச்சியில் மே மாதம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கும் ஒரே ஆள் நான்தான். எங்கள் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், லிஃப்டுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறது. அதில் பீரோ உயரத்துக்கு இரண்டு இரும்பு ரேக்குகள். அவற்றுக்குள் தொண்ணூற்றாறு ஹார்ட் டிஸ்க்குகள். இங்கேயும் எங்கள் கிளைகளிலும் எடுக்கிற எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் கடைசியில் வந்து உட்காருகிற இடம் அதுதான். கீழே டாக்டர் கம்ப்யூட்டரில் ஒரு பெயரைத் தட்டினால் படம் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வராவிட்டால் மட்டும் கேட்பார்கள். அப்போதும் என் பெயர் தெரியாது, "அந்த ஏசி ரூம் மேடத்தக் கூப்புடு" என்பார்கள்.

என் பெயர் ரெஜினா. வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, உங்களுக்கும் சொல்லப் போவதில்லை. கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு மாடிப் போர்ஷனில் இருக்கிறேன். கூடப் பிறந்தவள் எலவனாசூர்கோட்டையில் இருக்கிறாள். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் போவேன். மற்ற நாட்களில் என்னோடு பேசுவது அந்த ரேக்குகளின் காற்றாடிகள்தான், அதையும் பேச்சு என்று ஒத்துக்கொண்டால்.

ஆனால் ஆரம்பத்தில் அந்த அறையில் இரண்டு பேர் இருந்தோம். சந்தியாவும் நானும். ஆறு வருஷத்துக்கு முன்னால் பெட்டி பெட்டியாக மெஷின் வந்து இறங்கியபோது அதைப் பிரித்து, ரேக்கில் ஏற்றி, ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையிலும் எண் ஒட்டியது நாங்கள் இரண்டு பேரும்தான். கம்பெனி ஆள் ஒருத்தர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்தார். பழைய மெஷின்களில் சிதறிக் கிடந்ததையெல்லாம் புதுசுக்கு மாற்ற இருபத்தாறு நாள் ஆனது. எண்ணிக்கை சரிபார்க்கும்போது சந்தியா சத்தம் போட்டு எண்ணுவாள், நான் மறுபடி எண்ணுவேன். வித்தியாசம் வந்தால் இரண்டு பேரும் முதலிலிருந்து. சின்னசேலம் கிளையில் இன்னொரு சின்ன மெஷின் வைத்து, இங்கே இருப்பதெல்லாம் அங்கேயும் ஒரு பிரதி இருக்கும்படி செய்தோம்.

அப்போது போட்ட விதிதான் டபுள் ஓகே. எதையாவது அழிக்க வேண்டுமென்றால் ஒருத்தர் கேட்க வேண்டும், இன்னொருத்தர் சம்மதிக்க வேண்டும். கேட்பவர் காரணம் எழுத வேண்டும். சம்மதிப்பவரும் ஒரு வரி எழுத வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்ய மெஷின் விடாது. அப்படி அழித்ததும் உடனே போய்விடாது, முப்பத்தைந்து நாள் மறைவாக வைத்திருக்கும். அதற்குள் கேட்டால் திருப்பித் தரும். முப்பத்தாறாவது நாள் இங்கேயும் போய்விடும், சின்னசேலத்திலும் போய்விடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜூன் பத்தாம் தேதி, சந்தியா சென்னையில் வேலை கிடைத்துப் போனாள். அவள் இடத்துக்கு ஆள் போடுகிறோம் என்றார்கள். போடவில்லை. நான் மூன்று முறை எழுதிக் கேட்டேன். "இருக்கிறத வச்சி ஓட்டுங்க மேடம்" என்றார்கள். மெஷின் எப்படி ஓடும்? தினமும் படம் வந்துகொண்டே இருக்கிறது. தேவையில்லாததை அழிக்காவிட்டால் இடம் நிறைந்துவிடும். அழிக்க இரண்டு பேர் வேண்டும். இருப்பது நான் ஒருத்தி.

சந்தியாவின் கணக்கை யாரும் மூடச் சொல்லவில்லை. மூட வேண்டியது என் வேலை, நானும் மூடவில்லை. வீட்டிலிருந்தே உள்ளே வர அவளுக்குக் கொடுத்திருந்த வழியைக்கூட அடைக்கவில்லை. ஒரு நாள் இடம் தொண்ணூற்றிரண்டு சதவீதம் ஆகி மெஷின் கத்தியபோது, அவள் பாஸ்வேர்டை நானே மாற்றி, அவளாக உள்ளே போய் அழிக்கக் கேட்டேன். வெளியே வந்து, நானாக உள்ளே போய் சம்மதித்தேன். அவளுக்கு இது தெரியாது.

முதல் முறை கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். பத்தாவது முறை பழகிவிட்டது. எப்போது அது ஆரம்பித்தது என்று தெரியவில்லை, காரணம் எழுதும் இடத்தில் அவளுடைய குரலில் எழுத ஆரம்பித்தேன். "பழைய சோதனைப் படம், வேணாம். இன்னா ரெஜி, சாப்டியா?" என்று அவளாக எழுதுவேன். வெளியே வந்து நானாக, "சாப்டேன். எலுமிச்ச சாதம். ஓகே" என்று எழுதுவேன். "மழை வர்ற மாதிரி கீது, குடை எடுத்துக்கினியா?" "மறந்துட்டேன்டி. ஓகே." "உன் பொறந்த நாளாச்சே இன்னிக்கி!" "ஆமா. ஓகே." பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நானே எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் எட்டு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போய் அங்கேயும் வாயைத் திறக்காமல் படுத்துப் பாருங்கள், பிறகு பேசலாம். அவளும் அப்படித்தான் எழுதுவாள் என்று வேறு எனக்கு நினைப்பு. நாங்கள் சேர்ந்து இருந்த காலத்தில் அந்தக் காரணக் கட்டத்தில் இரண்டு பேரும் விளையாட்டாக எழுதிக்கொண்டோம், நான் அதைத் தொடர்கிறேன், அவ்வளவுதான் என்று இருந்தேன்.

உண்மையான சந்தியா போன புதிதில் இரண்டு தரம் போன் செய்தாள். பிறகு குழந்தை பிறந்தது. பிறகு காலை வணக்கப் படங்கள் வந்தன. பிறகு அவையும் நின்றுவிட்டன. நான் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் தினமும் ஒரு சந்தியா இருந்தாளே.

இந்த மார்ச் மாதம் படம் காட்டுகிற சாஃப்ட்வேரை மாற்றினார்கள். பழைய வெர்ஷனுக்கு உரியதையெல்லாம் இனி அழித்துவிடலாம் என்று கம்பெனியிலிருந்து சொன்னார்கள். இடமும் தொண்ணூற்றொன்றைத் தொட்டிருந்தது. நான் தேடிக்கொண்டே போனேன். மலைக்குப் போகிற எக்ஸ்ரே வேனின் பகுதியில், இங்கிலீஷ் எழுத்தில் "பழைய வி" என்று ஒரு ஃபோல்டர் பெரிதாக உட்கார்ந்திருந்தது. பழைய வெர்ஷன். வேறென்ன?

சந்தியாவாகப் போய் எழுதினேன்: "பழைய வெர்ஷன், சும்மா எடத்த அடைச்சிக்கினு கீது. தூக்கிடலாமா ரெஜி? வெயில் ஜாஸ்தி, தண்ணி குடி." நானாக வந்து எழுதினேன்: "குடிக்கிறேன். ஓகே."

ஐம்பத்து நாலு நாள் கழித்து அய்யனார் போன் செய்தார். அவர்தான் வேனில் எக்ஸ்ரே எடுப்பவர். வருஷத்துக்கு ஒரு முறை கல்வராயன் மலை முழுக்கச் சுற்றி ஊர் ஊராக நெஞ்சுப் படம் எடுப்பார்கள். அவர் குரலை அதற்கு முன் நான்கைந்து தடவைதான் கேட்டிருப்பேன்.

"மேடம், பழையவளவு படம் ஒண்ணுகூட வரமாட்டேங்குது மேடம். மத்த ஊருதெல்லாம் வருது."

"எந்த ஊரு?"

"பழையவளவு மேடம். வெள்ளிமலைக்கு அந்தாண்ட போவணும். சின்ன ஊரு. இருசப்பன்னு ஒருத்தரு, நெஞ்சுல இன்னாவோ வெள்ளையா தெரியுதாம். போன வருசமே இருந்துச்சா, புதுசான்னு டாக்டர் பாக்கணுங்கறாரு. பழசா இருந்தா ஆறின தழும்பு, ஒண்ணும் பண்ணத் தேவையில்லயாம். புதுசுன்னா சேலத்துக்கு அனுப்பணுமாம். அவரு அழுவறாரு மேடம், சேலத்துக்கெல்லாம் போவமாட்டேன்னு."

"ஃபோல்டர் பேரு இன்னா வச்சீங்க?"

"வேன் மெஷினு எட்டு எழுத்துக்கு மேல வாங்காது மேடம். அதான் 'பழைய'ன்னு போட்டு, ஒரு எடம் வுட்டு, வளவுக்கு ஒரு 'வி' போட்டுருவேன். நாலு வருசமா அப்டித்தான்."

நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தேன், இருந்தும் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இந்த ஊரில் பிறந்தவள் நான். கிழக்கே பஸ் ஏறினால் எலவனாசூர், மேற்கே ஏறினால் சின்னசேலம். வடமேற்கே அண்ணாந்து பார்த்தால் மலை. ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. அங்கே வளவு என்று முடிகிற ஊர்கள் இருக்கும் என்பதுகூடத் தெரியாது. நாலு வருஷப் படம், நூற்று எண்பத்து நாலு பேர். முப்பத்தைந்து நாள் தாண்டிப் பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. சின்னசேலம் மெஷினிலும் தேடினேன். அது நான் சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தது.

மறுநாள் மத்தியானம் இளஞ்செழியன் சார் கூப்பிட்டார். நிர்வாக மேலாளர். போன வருஷம்தான் வந்தவர், சந்தியாவைப் பார்த்ததே இல்லை. அவர் அறையில் அய்யனாரும் நின்றுகொண்டிருந்தார். மேசையில் ஒரு கட்டுக் காகிதம். அழித்தவற்றின் பதிவை முதல் நாளிலிருந்து கம்பெனிக்காரர்களிடம் கேட்டு வாங்கி அச்சடித்திருந்தார்.

"உக்காருங்க மேடம். நீங்க பயப்படாதீங்க" என்றார். "ராத்திரியே உக்காந்து கடைசி மூணு வருசத்துது எல்லாம் பாத்துட்டேன். உங்க மேல தப்பு கம்மி. வேலைய வுட்டுப் போன ஒருத்தங்க வெளியிலிருந்து உள்ள வந்துக்கினே இருந்திருக்காங்க. சந்தியான்னு. மூணு வருசமா! அவங்கதான் இத அழிக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க. நீங்க ஏமாந்து ஓகே குடுத்துட்டீங்க. ட்ரஸ்டிகிட்ட பேசிட்டேன். சைபர் கிரைம்ல ஒரு புகார் குடுத்துடலாம். அவங்க இப்ப வேலை பாக்கற கம்பெனிக்கும் ஒரு லெட்டர் போட்டுடலாம். நீங்க சாட்சிக் கையெழுத்து போட்டா போதும்."

புகார் டைப் செய்து தயாராக இருந்தது. அதில் சந்தியாவின் முழுப் பெயர், அப்பா பெயர், வடக்கனந்தல் விலாசம். அவளுடைய அப்பா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். போலீஸ் போய் அந்தக் கதவைத் தட்டும். சென்னையில் அவளைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எங்கள் தொழிலில் ஒரு முறை இப்படிப் பெயர் கெட்டால் எந்தக் கம்பெனியும் மெஷின் பக்கத்தில் நிற்க விடாது. ஒரு கையெழுத்துப் போட்டால் நான் தப்பித்துவிடுவேன். அவ்வளவு சுலபம்.

"சார், அது நான்" என்றேன்.

"எது?"

"சந்தியா."

அவர் அய்யனாரைப் பார்த்தார். அய்யனார் தன் செருப்பைப் பார்த்தார்.

"பாஸ்வேர்ட் குடுத்துட்டுப் போனாங்களா?"

"இல்ல சார். நானே மாத்திக்கினேன். ஆள் போடல நீங்க. ரெண்டு பேர் இல்லாம அழிக்க முடியாது. அதனால ரெண்டு பேராவும் நானே போனேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"சரி. அழிக்கறதுக்குப் போனீங்க, அது புரியுது." காகிதத்தைப் புரட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார். "'மழை வர்ற மாதிரி கீது, குடை எடுத்துக்கினியா?' இது போன அக்டோபர். 'ஜொரம் எப்டி கீது, மாத்திரை போட்டியா?' இது நவம்பர். 'உன் பொறந்த நாளாச்சே இன்னிக்கி!' இது ஜனவரி. இதெல்லாம் யாரு கேட்டது?"

"நான்தான்."

"யார?"

"என்னத்தான்."

எனக்குக் காது வரைக்கும் சுட்டது. வேலை போகும் என்று தெரியும், அதற்குத் தயாராகத்தான் மாடியிலிருந்து இறங்கி வந்தேன். இதற்குத் தயாராக வரவில்லை. ஒரு ஆம்பளை, நேற்று வந்தவர், என் பிறந்த நாளை எனக்கே வாசித்துக் காட்டுகிறார். இன்னொருவர் கேட்டுக்கொண்டு நிற்கிறார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி வாசித்திருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

இளஞ்செழியன் சார் மெதுவாகச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "மேடம், ஃப்ரெண்ட காப்பாத்தணும்னு பாக்கறீங்க. நல்ல மனசு. ஆனா யாராச்சும் இத நம்புவாங்களா? தனக்குத்தானே ஒருத்தர் மூணு வருசம் லெட்டர் எழுதிக்குவாங்களா?"

"எழுதிக்குவாங்க சார்."

"ரெண்டு லாகினும் உங்க மெஷின்லருந்துதான்னு சொல்லுவீங்க. வெளியிலிருந்து உங்க மெஷினுக்குள்ள வர்ற வழி அவங்களுக்குத் தொறந்துதான இருந்துச்சு?"

"இருந்துச்சு" என்றேன். அடைக்காமல் விட்டது நான்.

"அப்ப எப்டி நம்பறது? எழுத்தே காட்டிக்குடுக்குதே மேடம். அவங்க இங்க வேலைல இருந்தப்பவும் இப்டித்தான எழுதியிருப்பாங்க? அதே ஆளு, அதே பேச்சு. இருங்க, காட்டறேன்." கட்டைத் திருப்பி முதல் பக்கங்களை எடுத்தார். நானும் அதற்குத்தான் பயந்தேன். அங்கேயும் அதே கேலியும் அதே கேள்வியும் இருக்கும், இரண்டுக்கும் வித்தியாசம் காட்ட என்னிடம் ஒன்றும் இருக்காது, சந்தியா மாட்டிக்கொள்வாள் என்று.

அவர் விரலை வைத்து ஒரு பக்கம் படித்தார். அடுத்த பக்கம். அதற்கடுத்தது. வேகமாகப் புரட்டினார், பிறகு மறுபடி மெதுவாக. கடைசியில் அந்தப் பக்கங்களை என் பக்கம் தள்ளினார்.

"திறந்து பார்த்தேன். இரட்டைப் பிரதி. தேவையில்லை."

"திறந்து பார்த்தேன். சோதனைப் படம். தேவையில்லை."

"திறந்து பார்த்தேன். தேவையில்லை."

மூன்று வருஷம். நானூற்றுச் சொச்சம் வரிகள். ஒன்றில்கூட என் பெயர் இல்லை. சாப்பிட்டாயா இல்லை, குடை இல்லை. அவள் இருந்தபோது மூன்று ஜனவரி வந்து போயிருக்கின்றன, பிறந்த நாள் இல்லை. அவள் வரிகளுக்குப் பக்கத்தில் நான் எழுதியவை இருந்தன. "ஓகே டி, டீ குடிக்கப் போலாமா?" "ஓகே. புதுப் புடவை நல்லா கீது." "ஓகே. ஏன் இன்னிக்கி ஒரு மாதிரி கீற?" ஒவ்வொன்றுக்கும் கீழே அவளுடைய அடுத்த வரி: திறந்து பார்த்தேன். தேவையில்லை.

"ஜூன் பத்து வரைக்கும் ஒவ்வொண்ணுலயும் 'திறந்து பார்த்தேன்'னு இருக்கு" என்றார் இளஞ்செழியன் சார். குரல் இறங்கியிருந்தது. "அதுக்கப்புறம் ஒண்ணுலகூட அது இல்ல. அப்புறம் இருக்கறதெல்லாம் உங்க பேச்சு மேடம்."

"நான் தொறந்து பாக்கல சார்" என்றேன். "அவ இருந்திருந்தா பாத்திருப்பா."

அவர் புகாரை எடுத்து நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டி, அவள் எழுதியது எதுவரைக்கும், நான் எழுதியது எதிலிருந்து என்று கோடு போட்டுக் கையெழுத்திடச் சொன்னார். அவளைக் கூப்பிட வேண்டியதில்லை, அவளுக்கு இதெல்லாம் தெரியவும் வேண்டாம் என்றார். நாளைக்கு அய்யனாரோடு வேனில் போய் நூற்று எண்பத்து நாலு பேரிடமும் நானே சொல்லி மறுபடி படம் எடுத்து வர வேண்டும், இருசப்பனைச் சேலத்துக்கு அழைத்துப் போகிற பொறுப்பும் என்னுடையது, என் வேலையைப் பற்றி அதற்கப்புறம் முடிவு செய்யலாம் என்றார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். நியாயமாகத்தான் பேசினார்.

சந்தியா தப்பித்துவிட்டாள். எனக்கு அதில் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அவளைக் காப்பாற்றியது நான் இல்லை. அவள் எனக்கு ஒரு வார்த்தைகூட எழுதாததுதான் அவளைக் காப்பாற்றியது. வாயால் கேட்டிருப்பாள், சாப்பிட்டாயா என்று ஒரு தடவையாவது கேட்டிருப்பாள். அந்த அறையில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று வருஷம் இருந்தோமே. நேற்று வரை சத்தியம் பண்ணியிருப்பேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்து யோசித்துப் பார்த்தேன், அவள் கேட்ட ஒரு நாளைக்கூட என்னால் நினைவிலிருந்து எடுக்க முடியவில்லை. கோடு போடும்போது காகிதம் கிழிந்துவிட்டது. அய்யனார் வந்து ஒரு கையால் பக்கத்தை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, நான் மறுபடி போட்டேன்.